விளம்பரத்தின் நடுவே ஒரு கோடு: வேலை நேர்முகம் பற்றி வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை நேர்முகம் பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம். வட்டாரம் மட்டும் இருக்கிறது.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறை (லாஜிஸ்டிக்ஸ்) டிப்ளோமா முடித்து, தேசிய சேவையையும் இப்போதுதான் முடித்தேன். இரண்டு நேர்முகங்களுக்குப் போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பெயர், படிப்பு, குடும்பம் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வேலை அனுபவமே இல்லாதவன் வேறு எதைச் சொல்வது? (ஈசூன்)

பெயரும் படிப்பும் அவர்கள் மேசைமேல் தாளில் இருக்கின்றன. குடும்ப விவரம் அவர்களுக்குத் தேவையில்லை. இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருந்துவீர்கள் என்பதைத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது. அனுபவம் இல்லை என்று நீங்களாகவே முடிவு கட்டிக்கொண்டு உள்ளே போனதால் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

முதலில் ஒரு தாள் வேலை. வெள்ளைத்தாளின் நடுவே கோடு கிழியுங்கள். வேலை விளம்பரம் கேட்கும் ஒவ்வொன்றையும் இடப்பக்கம் தனி வரியாக எழுதுங்கள். தளவாட ஒருங்கிணைப்பாளர் வேலை என்றால் பெரும்பாலும் சரக்கிருப்பைச் சரிபார்ப்பது, லாரி நிறுவனங்களோடு நேரம் ஒழுங்கு செய்வது, எக்செல், வாடிக்கையாளர் புகார், நெருக்கடி நேரத்தில் வேலை என்று இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, வலப்பக்கத்தில், நீங்கள் நேரில் செய்த ஒரு சம்பவம் வரவேண்டும். தேசிய சேவையின்போது ராணுவ முகாமில் கிடங்குப் பொறுப்பில் இருந்தீர்களா? எத்தனை வகைப் பொருள்கள், எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, கணக்கு உதைத்தபோது எங்கே தேடிக் கண்டுபிடித்தீர்கள்? இறுதியாண்டுத் திட்டப்பணி, பள்ளி விடுமுறையில் கடையில் நின்றது, தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் பிரித்து அனுப்பியது எல்லாமே கணக்கில் வரும். படைப்பிரிவின் ஆயுத விவரம், இருப்பிடம், பயிற்சி அட்டவணை ஆகியவற்றை மட்டும் வாய் திறக்காதீர்கள். அதை நீங்கள் காப்பதையும் எதிரே இருப்பவர் கவனிப்பார்.

ஐந்தாறு சம்பவங்கள் போதும். ஒரே சம்பவம் இரண்டு மூன்று கேள்விகளுக்கு உதவும். ஒவ்வொன்றையும் நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிலைமைக்கு 15 வினாடி, பொறுப்புக்கு 10, செய்ததற்கு ஒரு நிமிடம், பலனுக்கு 20 வினாடி என்று வைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பெரும்பாலோர் சறுக்குவது முதல் பகுதியில். நிலைமையை விவரிக்க ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. செய்ததைச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

இன்னொரு சறுக்கல் நம் வளர்ப்பிலிருந்து வருவது. "நான் செய்தேன்" என்று சொல்ல நமக்குக் கூச்சம். "நாங்கள் செய்தோம்" என்றே நாக்கு புரளும். எதிரே இருப்பவர் குறிப்பெடுக்கும் தாளில் உங்கள் பெயருக்கு நேராக எழுத எதுவும் கிடைக்காது. "குழுவில் நான்கு பேர் இருந்தோம், இருப்புப் பட்டியலை எக்செலில் திருத்தி அமைத்தது நான்" என்று சொல்லுங்கள். அது பெருமையடிப்பு ஆகாது. உள்ளதை உள்ளபடி பிரித்துச் சொல்வதுதான்.

"உங்களைப் பற்றி" என்பதற்கு 90 வினாடி போதும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 200 சொற்கள். இப்போது நீங்கள் யார் என்பதற்கு ஒரு வாக்கியம், விளம்பரத்தின் முக்கியமான இரண்டு வரிகளுக்குப் பொருந்தும் இரண்டு சான்றுகள், இந்த நிறுவனத்தில் இந்த வேலை ஏன் என்பதற்கு ஒரு வாக்கியம். அதை முழுதாக மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் தவறினால் அடுத்த வரி வராது. உங்களுக்கு நேர்ந்தது போல நின்றுவிடும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனத்தில் நிறுத்துங்கள். இடையில் உள்ளதற்கு மூன்று சொற்களைச் சிறிய அட்டையில் எழுதிவைத்து, கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் பதிவு மூன்று நிமிடம் ஓடும். வெட்டுங்கள், மறுபடி பேசுங்கள். ஒரே நாளில் இருபது தடவை பேசுவதைவிட நாளுக்கு நான்கைந்து தடவையாக மூன்று நாள் பேசுவது மேல். கண்ணாடி முன் நின்று பழகுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கவனம் முகத்துக்குப் போய்விடும், காது வேலை செய்யாது.

கேள்வி: திருச்சியில் ஏழாண்டு கணக்காளராக இருந்தேன். கணவரின் வேலையால் சார்ந்திருப்போர் அட்டையில் (டிபெண்டன்ட்ஸ் பாஸ்) இங்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், வேலை தேடுகிறேன். அட்டை பற்றி நேர்முகத்தில் எப்போது சொல்வது? இடைவெளியை எப்படி விளக்குவது? (செங்காங்)

அட்டை பற்றி முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். விண்ணப்பப் படிவம் கேட்டால் அங்கேயே எழுதுங்கள். இரண்டு சுற்று முடிந்து மூன்றாம் சுற்றில் தெரியவந்தால், மறைத்தீர்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

விதியையும் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள். சில முதலாளிகள் பழைய நடைமுறையையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 மே 1 முதல் சார்ந்திருப்போர் அட்டைக்காரர் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர மனிதவள அமைச்சின் இசைவுக் கடிதம் மட்டும் போதாது. நிறுவனம் உங்களுக்காக இ பாஸ், எஸ் பாஸ் அல்லது வொர்க் பெர்மிட் என்ற வெளிநாட்டினருக்கான வேலை அனுமதிகளில் ஒன்றை எடுக்கவேண்டும். இ பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); நிதித்துறையில் 6,200. வயது கூடக்கூட அது ஏறும். 45 வயதில் மற்ற துறைகளில் 10,700 ஆகிறது. அதோடு காம்பஸ் என்ற புள்ளிமுறையில் 40 புள்ளிகள் வேண்டும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 3,300 வெள்ளியில் தொடங்கி, 45 வயதில் 4,800 வரை. சேவைத்துறை நிறுவனம் என்றால் மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டினர்தான் எஸ் பாஸில் இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டவேண்டும். அதனால்தான் எட்டுப் பேர் வேலை செய்யும் அலுவலகம் உங்களைப் பிடித்திருந்தும் தயங்கும். அது உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. உங்கள் வயது, படிப்பு, எதிர்பார்க்கும் சம்பளம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பொதுவாக மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற வேலை விளம்பரத் தளத்தில் 14 நாள் விளம்பரம் செய்த பிறகே இ பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ விண்ணப்பிக்க முடியும். ஆகவே தேர்வான மறுநாளே வேலை தொடங்காது. வேலை அனுமதி வெளிவருவதற்கு முன் "பழகிப் பார்க்க" என்று சொல்லி ஒருநாள் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இனி வேலை. உங்கள் ஏழாண்டு அனுபவத்தை இங்குள்ளவருக்குப் புரியும் கணக்கில் மாற்றிச் சொல்லவேண்டும். இங்குள்ள விளம்பரங்களில் "ஃபுல் செட் அக்கவுண்ட்ஸ்" என்று அடிக்கடி வரும். கொள்முதல், விற்பனை, வங்கிச் சரிக்கட்டல், மாத இறுதிப் பதிவுகள், பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு வரை ஒருவரே பார்ப்பது என்று பொருள். அதில் எதுவரை நீங்கள் தனியாகச் செய்தீர்கள், எதை மேலதிகாரி பார்த்தார் என்று பிரித்துச் சொல்லுங்கள். ஊர் வேறுபாடுகளையும் கேட்பார்கள். இங்கே பொருள் சேவை வரி ஒரே விகிதம். 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு. ஆண்டு வரவு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்த வரிக் கணக்கைக் காட்டும் எஃப் 5 படிவம் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒன்று. காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். மத்திய சேமநிதிச் சந்தா அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள். இங்கு வசிப்போரின் சம்பளத்தில் இந்தியாவைப் போல மாதாமாதம் வரி பிடிப்பதில்லை. அதற்குப் பதிலாக முதலாளிகள் ஐஆர்8ஏ என்ற ஆண்டுச் சம்பள விவரத்தை மார்ச் 1க்குள் தருகிறார்கள். நிறுவன வரி 17 விழுக்காடு. இந்த ஐந்தும் விரல் நுனியில் இருந்தால், "இங்கே அனுபவம் இல்லையே" என்ற கேள்விக்குப் பாதி பதில் ஆயிற்று.

பல அலுவலகங்கள் அரைமணி நேர எழுத்துத் தேர்வு வைக்கும். அடிக்கடி இடறும் ஒரு கணக்கு இது: வரி உட்பட 1,090 வெள்ளிக்கு விலைப்பட்டியல் இருக்கிறது, வரி எவ்வளவு? 1,090ஐ 9 விழுக்காட்டால் பெருக்கி 98.10 என்று எழுதிவிடுகிறார்கள். வரி உள்ளே சேர்ந்திருப்பதால் 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கவேண்டும், விடை 90. முன்கூட்டிச் செலுத்திய வாடகை, இன்னும் பில் வராத மின்கட்டணம், தேய்மானம் ஆகிய மூன்றின் பதிவுகளையும் கையால் எழுதிப் பாருங்கள். டாலி மட்டும் தெரிந்தவர் ஸீரோ (Xero) அல்லது குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருளின் சோதனைப் பதிப்பில் ஒரு மாதக் கணக்கை முழுதாகப் போட்டுப் பழகினால், "பயன்படுத்தியிருக்கிறேன்" என்று நேர்மையாகச் சொல்லலாம்.

இடைவெளிக்கு இரண்டு வாக்கியம் போதும். குழந்தை வளர்ப்புக்காக நான்கு ஆண்டுகள் நிறுத்தினேன். இப்போது அவள் பள்ளியில், நான் முழுநேரத்துக்குத் தயார். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். சொல்லி முடித்ததும் கடந்த மூன்று மாதங்களில் படித்ததற்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. கட்டுமானப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி முடித்துவிட்டேன். பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நேர்முகம் வருகிறது. வேலை தெரியும், ஆங்கிலம் தடுமாறும். என்ன செய்வது? (துவாஸ்)

இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர் தளத்தைத் தெரிந்தவராக இருப்பார். உங்கள் இலக்கணத்தை அவர் அளக்கமாட்டார். ஆபத்தைக் கண்ணால் பிடிக்கிறீர்களா, பிடித்ததை வரிசையாகச் சொல்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்.

பல இடங்களில் ஒரு புகைப்படத்தைக் காட்டி "என்ன தப்பு?" என்பார்கள். கண்ட இடத்தில் தொடங்காதீர்கள். மேலிருந்து கீழ், பிறகு ஆள், பிறகு கருவி, பிறகு சுற்றுப்புறம் என்று ஒரு வரிசையைப் பழகி வையுங்கள். வேலைத்தளத்தின் விளிம்பில் தடுப்புக் கம்பி இருக்கிறதா? மேல்கம்பி குறைந்தது 1 மீட்டர் உயரமா? இரண்டு கம்பிகளுக்கு இடையே 600 மில்லிமீட்டருக்கு மேல் போகிறதா? ஹார்னஸ் (பாதுகாப்புக் கச்சை) மாட்டியவர் கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார்? ஹார்னஸ் இருக்கிறது, கொக்கி காற்றில் தொங்குகிறது என்ற படங்களை வேண்டுமென்றே வைப்பார்கள். பாரந்தூக்கியின் கீழே ஆள் நிற்பது இன்னொன்று.

பெர்மிட் டு வொர்க், அதாவது ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் தளத்தில் வாங்கும் அனுமதி, பற்றி நிச்சயம் கேட்பார்கள். 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய வேலைக்கும், 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழி வேலைக்கும் அது வேண்டும். மேற்பார்வையாளர் விண்ணப்பிக்கிறார், பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்த்து ஒப்புகிறார், அதிகாரம் பெற்ற மேலாளர் அனுமதி தருகிறார். இந்த மூன்று பேரையும் வரிசை மாறாமல் சொல்லுங்கள். "இடத்தைப் பார்த்து" என்பதை விடாதீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அனுமதிதான் விபத்துக்கு வழி வைப்பது. அதைத் தெரிந்தவரா என்று பார்க்கவே இந்தக் கேள்வி. ஆபத்தைக் கட்டுப்படுத்தும் முறையையும் இப்படியே சொல்லுங்கள்: ஆபத்தை நீக்குவது, மாற்று வைப்பது, தடுப்பு அமைப்பது, நடைமுறை வகுப்பது, கடைசியில்தான் தலைக்கவசமும் ஹார்னஸும். "ஹார்னஸ் போடச் சொல்வேன்" என்று தொடங்குபவர் கடைசிப்படியிலிருந்து ஏறுகிறார்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி: ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். பேனாவும் தாளும் கேட்டு வரைந்து காட்டுங்கள். தளத்தில் அப்படித்தானே பேசுகிறோம். கேள்வி புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். "மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்கலாம், தவறே இல்லை. புரியாமல் தலையாட்டும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை யாரும் எடுக்கமாட்டார்கள். டூல்பாக்ஸ் மீட்டிங்கை (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) நடத்திக் காட்டச் சொன்னால் தமிழ், வங்காளம், ஆங்கிலம் கலந்து நடத்துவது உங்களுக்குக் கூடுதல் பலம். அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வேலை தருவதற்கு முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது குற்றம். முகவருக்கு நீங்கள் தரும் கட்டணம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம்தான். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: 56 வயது. மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தி மேற்பார்வையாளராக 4,700 வெள்ளி சம்பளத்தில் இருந்தேன், ஆட்குறைப்பில் போய்விட்டது. "உங்களைவிட இளையவரின் கீழ் வேலை செய்வீர்களா?" என்று கேட்கிறார்கள், கடைசிச் சம்பளத்தையும் கேட்கிறார்கள். மனம் வலிக்கிறது. (தெம்பனிஸ்)

வலிக்கத்தான் செய்யும். அந்த வலி நேர்முக அறையில் குரலில் தெரிந்துவிடுவதுதான் சிக்கல். ஆட்குறைப்பைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களை வீட்டிலேயே சமன் செய்துகொள்ளுங்கள்: எந்தப் பிரிவை மூடினார்கள், எப்போது, அதன்பிறகு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். பழைய நிர்வாகத்தைப் பற்றி மூன்றாவது வாக்கியம் வரக்கூடாது. கேட்பவர் தூண்டினாலும் வரக்கூடாது.

இளையவர் பற்றிய கேள்விக்கு "எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று பதில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு உள்ளே இரண்டு சந்தேகம்: சொன்னதைக் கேட்பாரா, புதிய முறையைக் கற்றுக்கொள்வாரா. இரண்டுக்கும் ஒவ்வொரு சம்பவம் தேவை. வயதில் சிறிய பொறியாளர் சொன்ன மாற்றத்தை உங்கள் வரிசையில் அமல்படுத்தியது, புதிய மென்பொருளைக் கற்று மற்ற தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இத்தனை ஆண்டு வேலையில் இப்படி ஒன்று இல்லாமல் இருக்காது. உட்கார்ந்து யோசித்தால் வரும். தன்விவரக் குறிப்பில் பிறந்த தேதி வேண்டாம். கடைசி 10, 15 ஆண்டுகளை விரிவாகவும் அதற்கு முந்தியதை ஒரே வரியிலும் எழுதுங்கள்.

சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பின்னர் சம்பளச் சீட்டையும் மத்திய சேமநிதிப் பதிவையும் கேட்கலாம். அப்போது பொய் வெளிப்படும். உண்மைத் தொகையைச் சொல்லி, தொடர்ந்து எதிர்பார்ப்பை ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். வீச்சின் கீழெல்லை நீங்கள் நிஜமாகவே ஏற்கும் தொகையாக இருக்கட்டும். பேச்சு பெரும்பாலும் அங்கே வந்துதான் நிற்கும்.

ஒப்பிடும்போது மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஓரிடத்தில் 4,400, பன்னிரண்டு மாதம், ஆண்டுக்கு 52,800. இன்னோரிடத்தில் 4,200, பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தோடு, 54,600. குறைவாகத் தெரிவது 1,800 வெள்ளி கூடுதல். ஆனால் பதின்மூன்றாம் மாதம் சட்டப்படி கட்டாயம் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும். கைக்கு வருவதையும் கணக்கிடுங்கள். 55 தாண்டி 60 வரையிலானவர்களுக்கு 2026 ஜனவரி முதல் மத்திய சேமநிதிக்கு ஊழியர் பங்கு 18 விழுக்காடு, முதலாளி பங்கு 16. 4,400 வெள்ளியில் உங்கள் பங்கு 792, இந்தியச் சமூகத்துக்கான சிண்டா நிதிக்கு 7 வெள்ளி, கையில் 3,601. ஷிஃப்ட் படி, போக்குவரத்துப் பேருந்து இருக்கிறதா என்பதும் சேரும். உட்லண்ட்ஸில் தொழிற்சாலை, தெம்பனிஸில் வீடு என்றால் அந்தப் பேருந்துக்குத் தனி மதிப்பு உண்டு.

வேலை கிடைக்கும் வரைக்கும் ஒரு தகவல். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத, தாமாக விலகாமல் வேலை இழந்த சிங்கப்பூரர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். வேறு நிபந்தனைகளும் உண்டு. ஆட்குறைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள இ2ஐ என்ற வேலைவாய்ப்பு உதவி மையம் போன்ற இடங்களில் ஆலோசகரோடு ஒத்திகை நேர்முகம் பற்றியும் கேட்டுப் பாருங்கள். வீட்டாரோடு ஒத்திகை பார்ப்பதைவிட அந்நியரோடு பார்ப்பது பயன் தரும்.

கேள்வி: "கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். இன்னோர் இடத்தில் விளம்பரத்தில் இல்லாத மாண்டரினைக் கேட்டார்கள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமா? (புக்கிட் பாத்தோக்)

வேண்டியதில்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத வயது, திருமணம், கர்ப்பம், மதம் போன்றவற்றைக் கேட்கக்கூடாது என்று நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்திலும் திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், மொழித்திறன் எல்லாம் இடம்பெறுகின்றன. புகார் செய்ய, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் அமைப்பு இருக்கிறது. கேள்வியை யார், எந்தத் தேதியில், எந்தச் சொற்களில் கேட்டார் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் இருக்கும்போது செய்யக்கூடியது: கேள்விக்குப் பின்னால் உள்ள கவலைக்கு மட்டும் பதில் சொல்வது. "இந்த வேலையின் நேரமும் பயணமும் எனக்குத் தெரியும், அதற்கு என்னால் வரமுடியும்" என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். மறுபடியும் அதையே கேட்கும் இடத்தில் வேலைக்குப் போவது நல்லதா என்று நீங்களும் யோசிக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

மாண்டரின் விஷயம் கொஞ்சம் வேறு. வேலைக்கு உண்மையாகவே தேவை என்றால் முதலாளி கேட்கலாம். ஏன் தேவை என்று விளம்பரத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். "எந்தெந்த வேலைக்குத் தேவைப்படும்?" என்று கேளுங்கள். சீனாவிலுள்ள சப்ளையரோடு தினமும் பேசுவது என்றால் காரணம் புரிகிறது. அலுவலகத்தில் எல்லாரும் பேசுகிறார்கள் என்றால், இதுவரை நீங்கள் அத்தகைய குழுவில் எப்படி வேலை செய்தீர்கள் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். தமிழும் மலாயும் பேசுவீர்கள் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவமனை, வங்கி, சமூக சேவை வேலைகளில் அதற்கு இடம் உண்டு.

கேள்வி: வீடியோவில் நேர்முகம். வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீடு) அமைதியான இடமே இல்லை. (சுவா சூ காங்)

நேரம் கேட்டால் நீங்கள் தேர்ந்தெடுங்கள். வீவக வீடுகளில் சுவர் உடைப்பது, துளையிடுவது போன்ற பெருஞ்சத்த வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. மின்தூக்கி அருகே புதுப்பிப்பு அறிவிப்பு ஒட்டியிருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள். ஒட்டியிருந்தால் மாலை 5 மணிக்குப் பிறகு கேளுங்கள்.

கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும். மடிக்கணினியின் கீழ் நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கினால் போதும். சன்னல் முகத்துக்கு எதிரே வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும். மின்விசிறியின் காற்று ஒலிவாங்கியில் விழுந்தால் உங்கள் குரல் உடையும்; திசையை மாற்றுங்கள். ஆள் இல்லாமல் பதிவு செய்யும் நேர்முகத்தில் கேள்வி திரையில் வந்ததும் யோசிக்க அரை நிமிடம், பதிலுக்கு இரண்டு மூன்று நிமிடம் என்று பெரும்பாலும் இருக்கும். அந்த அரை நிமிடத்தில் வாக்கியம் அமைக்காதீர்கள். எந்தச் சம்பவம் என்று மட்டும் முடிவு செய்யுங்கள். செயலியில் எழுதிவாங்கிய பதிலைத் திரையில் வைத்துப் படித்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்படியே பதிவாகிவிடும்.

சில குறுங்கேள்விகள்

என்ன உடுத்துவது? பொட்டு வைக்கலாமா? (பிடோக்) பொட்டும் திருநீறும் தாராளமாக. முழுக்கைச் சட்டை, அடர்நிறக் கால்சட்டை. பெண்களுக்கு அதுவோ, அலங்காரம் இல்லாத பஞ்சாபி உடையோ. தளத்தைச் சுற்றிக் காட்டக்கூடிய வேலை என்றால் மூடிய காலணி. மழைக்குக் குடை; நனைந்தால் மாற்ற ஒரு சட்டை பையில்.

எவ்வளவு முன்னால் போவது? (பொங்கோல்) கட்டடத்துக்கு 25 நிமிடம் முன்னால், நிறுவனத்தின் வாசலுக்கு 10 நிமிடம் முன்னால். ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களில் காலை நேரத்தில் வருகையாளர் பதிவுக்கும் மின்தூக்கிக்கும் வரிசை நிற்கும். ஜூரோங் தீவு என்றால் நுழைவு அனுமதியை நிறுவனம் முன்பே எடுத்திருக்கிறதா என்று முதல்நாள் கேட்டு உறுதி செய்யுங்கள். அது இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டமுடியாது.

அடையாள அட்டை எண்ணைத் தன்விவரக் குறிப்பில் போடவேண்டுமா? (தோ பாயோ) வேண்டாம். தேவையின்றி அந்த எண்ணைச் சேகரிப்பதற்கு 2019 செப்டம்பர் முதல் கட்டுப்பாடு இருக்கிறது. வேலைக்கு எடுத்த பிறகு கொடுத்தால் போதும். வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) விவரம் தாருங்கள் என்று செய்தி வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேளுங்கள்.

"எங்களிடம் ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றால்? (அங் மோ கியோ) "இல்லை" என்று சொல்லாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் நான் என்ன முடித்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இந்த இடம் ஏன் காலியானது? இந்த இரண்டும் போதும். விடுப்பு, போனஸ் எல்லாம் வேலை உறுதியான பிறகு. கூடுதல் நேரப் படியையும் அப்போது கேளுங்கள். உடலுழைப்பு இல்லாத வேலையில் மாதம் 2,600 வெள்ளிக்கு மேல் என்றால் அது சட்டப்படி வராது, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

எப்போது சேரமுடியும் என்று கேட்டால்? (ஜூரோங் வெஸ்ட்) இப்போதைய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். அதில் முன்னறிவிப்பு எழுதியிருந்தால் அதுதான். எழுதவில்லை என்றால் வேலை நியமனச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குள் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். புதிய இடத்தின் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் விலகல் கடிதம் கொடுக்கவேண்டாம். தொலைபேசியில் "கிட்டத்தட்ட உறுதி" என்றார்கள் என்று விலகிவிட்டு, இரண்டு பக்கமும் இல்லாமல் நின்றவர்களின் கடிதங்களும் இந்த மாதக் கட்டில் இருக்கின்றன.

முடிந்த பிறகு எத்தனை நாள் காத்திருப்பது? (உட்லண்ட்ஸ்) அன்று மாலையே நான்கு வரியில் நன்றி மின்னஞ்சல். அறையில் சரியாகப் பதில் சொல்லாத ஒரு கேள்வி இருந்தால் அதற்கான பதிலை அதில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். முடிவு எப்போது தெரியும் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்து இரண்டு வேலை நாள்கள் பொறுத்து ஒருமுறை விசாரியுங்கள். வேலை கிடைத்தால், முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்து வடிவில் நீங்கள் சேர்ந்த 14 நாள்களுக்குள் தரவேண்டும். நேர்முகத்தில் சொன்ன சம்பளம், வேலை நேரம், பதின்மூன்றாம் மாதம் எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.